விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடுவோம்

வகுப்பறைத் தரையில் அடுப்புக்கரியால் ஒரு பஸ் வரைந்தேன். முன்னால் டிரைவருக்கு ஒரு கட்டம், அதற்குப் பின்னால் பிள்ளைகளுக்கு இரண்டு வரிசைக் கட்டங்கள், பக்கவாட்டில் ஏறி இறங்க ஒரு வழி. ஆறாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பையும் அதற்குள் உட்காரவைத்தேன். நானே டிரைவர். வாயால் உறுமிக்கொண்டே திருப்பங்களில் உடம்பைச் சாய்த்தேன். பிள்ளைகளும் என்னோடு சாய்ந்தார்கள்.

இரண்டாவது திருப்பத்தில் அடைக்கி வாந்தி எடுத்துவிட்டாள்.

நகராத பஸ்ஸில், கரிக்கோட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு வாந்தி! ஏழாம் வகுப்பில் கணக்கில் முதலாவதாக வருகிற பெண் அவள். மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் வரைந்த பஸ்ஸுக்கே இப்படியென்றால், நிஜ பஸ்ஸில் திருமயம் கோட்டைக்குப் போய்த் திரும்புவதற்குள் என்னென்ன ஆகுமோ என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

புதுக்கோட்டை டவுன்காரனான நான் அந்தக் கிராமத்துக்கு வாத்தியாராகப் போய்ச் சேர்ந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். குன்றாண்டார்கோவிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஊர். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் ஆலாய்ப் பறந்துகொண்டிருந்த நாட்களில், பிள்ளைகளைக் கோட்டை பார்க்க அழைத்துப் போக வேண்டுமென்று எனக்கு ஏன் தோன்றியது என்று இன்றைக்கும் தெரியவில்லை. சரித்திரப் பாடத்தில் கோட்டை என்று வந்தது. கோட்டை என்றால் என்ன சார் என்று கேட்டார்கள். காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருந்ததா?

கவலைப்படுகிற வம்சம்

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கவலைப்படுகிற வியாதி உண்டு. என் அப்பா சமஸ்தானக் கச்சேரியில் குமாஸ்தா. திருச்சிக்குப் போகவேண்டுமென்றால் காலை ரயிலுக்கு விடியுமுன்னே எங்களைக் கிளப்பிக்கொண்டு போய் ஸ்டேஷன் வாசலில் உட்காரவைத்துவிடுவார். ஸ்டேஷன் மாஸ்டர் அப்போதுதான் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு வெளியே வருவார். ஒருமுறை அவர், "இன்னைக்கு ரயிலுக்குத்தான் வந்தீங்களா, நேத்து ரயிலுக்கா?" என்று கேட்டார். அப்பா அதற்கும் அசரவில்லை. ரயில் ஒருவேளை முன்னாலேயே வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவரைத் திருப்பிக் கேட்டார்.

அந்த ரத்தம்தான் எனக்கும். அதனால் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே கவலைப்பட ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல் விசாரித்து வைத்தேன். வழியில் குடிதண்ணீர் எங்கே கிடைக்கும், திருமயத்தில் ராத்தங்கச் சத்திரம் உண்டா, பாறையில் வெயில் எந்த நேரத்தில் காலைச் சுடும், வாந்திக்கு எலுமிச்சம்பழம் நல்லதா புளி நல்லதா... எல்லாவற்றையும் கேட்டேன்.

தலைமையாசிரியர் சந்தியாகு சார் எனக்கு நேர்மாறு. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், பெரிய உடம்பு, நிதானமான பேச்சு. அந்த ஊருக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டிருந்தது. நான் தினமும் ஒரு புதுக் கவலையோடு போய் நிற்பதைப் பார்த்துவிட்டு, "தம்பி, கவலைப்படறதுக்கும் ஒரு டைம்டேபிள் போட்டுக்குங்க. காலையில மூணு பீரியடு போதும்" என்றார்.

முதலில் நார்த்தாமலைக்குப் போகலாம் என்றுதான் அவர் சொன்னார். அது கிட்டத்தில் இருந்தது. பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. பாறையைக் குடைந்த கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கேதான் தினமும் ஆடு மேய்க்கிறோம், மறுபடியும் பாறையும் கோயிலுமா என்று முகத்தைச் சுளித்தார்கள். அவர்களுக்குப் பீரங்கி பார்க்க வேண்டும். திருமயம் கோட்டை உச்சியில் பீரங்கி இருக்கிறது என்று நான்தான் உளறி வைத்திருந்தேன்.

பஸ் கிடைத்ததே பெரும்பாடு. பெட்ரோல் இல்லாமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடிய காலம் அது. பஸ்ஸின் முதுகில் பெரிய பீப்பாய் ஒன்றை மாட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் வண்டியை ஓட்டுவார்கள். ஏற்றம் வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். அந்தப் பங்குனியில் ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும் தருவதாக பஸ் முதலாளி சொன்னார். அதை விட்டால் பரீட்சை, பிறகு கோடை விடுமுறை. ஏழாம் வகுப்போடு அந்தப் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அடைக்கியின் வகுப்புப் பிள்ளைகள் மறுவருஷம் களத்துமேட்டில் இருப்பார்கள்.

டிரைவர் காதர் பாயிடம் வண்டி நல்ல வண்டிதானே என்று கேட்டேன். "வண்டி எம் பேச்சக் கேக்கும் சார். கரி கேக்காது" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கேட்காமல் விட்ட ஒன்று

இவ்வளவையும் விசாரித்தவன் ஒன்றைக் கேட்கவில்லை. ஊரில் மாரியம்மனுக்குக் காப்பு எப்போது கட்டுவார்கள் என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் யாராலும் சொல்லியிருக்க முடியாது. அந்த ஊரில் அதற்குப் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. வெள்ளைப் பூவையும் செவ்வரளியையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டு, ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். செவ்வரளி வந்தால் அடுத்த வாரம் மறுபடி பூப் போட்டுப் பார்ப்பார்கள். சில வருஷம் பங்குனி கழிந்து சித்திரைக்கும் போய்விடுமாம்.

அந்த வருஷம் முதல் தடவையிலேயே வெள்ளை வந்துவிட்டது.

உடனே ஊரே பரபரத்தது. ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் ஏறியது. கோயிலில் பூசாரி மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார்கள். நானும் கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்த்தேன். பம்பைச் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. கட்டி முடிந்ததும் ஊர்த் தலைவரான அம்பலம் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "காப்புக் கட்டியாச்சு. திருவிழா முடியுற வரைக்கும் யாரும் வெளியூருல ராத் தங்கக் கூடாது. பகல்ல போங்க, வாங்க. கோயில்ல வெளக்கு வைக்கிறப்ப எல்லாரும் எல்லைக்குள்ள இருக்கணும்."

எனக்குக் கண்ணைக் கட்டியது. எங்கள் சனிக்கிழமை அந்த நாட்களுக்கு நடுவில் வந்தது.

அம்பலத்தின் நிபந்தனை

மறுநாள் சந்தியாகு சாரும் நானும் அம்பலத்தைப் பார்க்கப் போனோம். களத்தில் உளுந்து தட்டிக்கொண்டிருந்த இடத்தில் நின்றார். ஒல்லியான மனிதர், ஆனால் அவர் குரல் அடுத்த ஊருக்குக் கேட்கும்.

சத்திரத்தில் தங்குவதை விட்டுவிடுகிறோம், டவுனில் இறங்கி ஊர் சுற்றுவதையும் விட்டுவிடுகிறோம், ஒரே பகலில் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம் என்று சந்தியாகு சார் நிதானமாகச் சொன்னார்.

அம்பலம் என்னைப் பார்த்தார். "வண்டி நின்னு போச்சுன்னா?"

நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே அதுதான்.

"முந்தின வருசம் ஒருத்தன் காப்புக் கட்டுன பெறகு மாட்டுச் சந்தைக்குப் போனவன் அங்கயே தங்கிட்டு மறுநாளு வந்தான்" என்றார் அம்பலம். "அந்தக் கோடையில ஊருக்குள்ள அம்மா வெளையாண்டுட்டா. எத்தினி புள்ளைகளத் தூக்கிப் போட்டோம்னு சாருக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியாது, நீங்க பெறகு வந்தவரு."

சந்தியாகு சார் தலையைக் குனிந்துகொண்டார். பெரியம்மை அந்த ஊரில் கொண்டுபோன பிள்ளைகளில் பாதிப் பேர் அவருடைய வகுப்புப் பிள்ளைகள்.

மாட்டுச் சந்தையில் ஒருவன் தூங்கியதற்கும் அம்மைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஊரில் போய் நின்றுகொண்டு விஞ்ஞானம் பேசுகிற அளவுக்கு நான் முட்டாளாக இருக்கவில்லை.

கடைசியில் அம்பலம், "போயிட்டு வாங்க. ஆனா ஒரு புள்ளை வெளிய தங்குனாலும் திங்கக்கெழம பள்ளிக்கூடத்துல ஒரு புள்ளையும் இருக்காது. ஆம்பளப் புள்ளையும் இருக்காது, பொம்பளப் புள்ளையும் இருக்காது. நீங்க பெஞ்சுக்குத்தான் பாடம் நடத்தணும்" என்றார். அதோடு விடவில்லை. கோயில் வாசலுக்கு அழைத்துப்போய் என் வாயாலேயே சொல்லச் சொன்னார். விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடுவோம் என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்க" என்றார். இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னேன்.

சாயங்காலம் அடைக்கியின் அம்மா மூக்காயி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அந்தக் கோடையில் மகனைக் கொடுத்தவள். மிஞ்சியது அடைக்கி ஒருத்திதான்.

"எனக்குப் பயமா இருக்குங்க வாத்தியாரய்யா" என்றாள். "அனுப்ப வேணாம்னுதான் வந்தேன். ஆனா அவ ராத்திரி தூக்கத்துல சாஞ்சு சாஞ்சு படுக்குறா. என்னடின்னா, பஸ்ஸு திரும்புதும்மாங்குறா. எப்புடிங்க வேணாம்னு சொல்லுறது?"

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். எதை வைத்துச் சொன்னேன்? காதர் பாயின் கரியை வைத்தா? அவள் போன பிறகு நான் சந்தியாகு சாரிடம், பயணத்தை நிறுத்திவிடலாம் சார் என்றேன். "நிறுத்துனா பள்ளிக்கூடம் தப்பிச்சுக்கும் தம்பி. ஆனா பிள்ளைங்க ஒங்களை நம்புறது நின்னுபோகும்" என்றார்.

பிறகு பயிற்சியைத் தீவிரமாக்கினேன். கரிக்கோட்டு பஸ்ஸில் ஏறவும் இறங்கவும் விசில் அடித்தால் ஓடிவந்து வரிசையில் நிற்கவும் பழக்கினேன். கட்டுச்சோற்றை எப்படி வேகமாகத் தின்பது என்றுகூடச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பையன் விக்கிக்கொண்டு கிடந்ததைப் பார்த்து அதை மட்டும் விட்டுவிட்டேன்.

கோட்டையில் நான் பார்த்தது

கோழி கூப்பிடுகிற நேரத்தில் கிளம்பினோம். ஊரே தோரணம் வரை வந்து நின்றது. மூக்காயி மகள் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் திணித்தாள். காதர் பாயின் ஆள் கரிப் பீப்பாயின் காற்றாடியைச் சுற்றோ சுற்றென்று சுற்ற, வண்டி இருமித் தும்மிக் கிளம்பியது.

அடைக்கி வாந்தி எடுக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு ஜன்னலை விட்டு முகத்தை எடுக்காமல் வந்தாள். வாந்தி எடுத்தது நான்தான், டவுனைத் தாண்டியதும்.

திருமயம் கோட்டையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மதில், பாறைமேல் ஏறும் படி, கீழே அடுத்தடுத்து இருக்கிற சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும், எல்லாம் பிற்காலத்தில் நிதானமாகப் போய்ப் பார்த்தவை. அன்று நான் பார்த்தது நிழலை மட்டும்தான். என்னிடம் கைக்கடிகாரம் கிடையாது. பிள்ளைகள் பீரங்கிமேல் ஏறி உட்கார்ந்து கூச்சல் போட்டபோது நான் பீரங்கியின் நிழல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடைக்கி உச்சியில் நின்று நாலா பக்கமும் பார்த்துவிட்டு, "சார், இங்கேருந்து நம்ம ஊரு தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"அப்ப நாம ரொம்பத் தூரம் வந்துட்டோம்ல சார்!" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உடனே விசில் அடித்தேன்.

உச்சிவெயில் சாயுமுன்பே கிளம்பிவிட்டோம். டவுனைத் தாண்டினோம். கீரனூரில் கிழக்கே திரும்பினோம். இனி என்ன, வீட்டுக்கு வந்த மாதிரிதான் என்று முதல் தடவையாக நான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். வண்டி நின்றுவிட்டது.

எல்லோரும் இறங்கித் தள்ளினோம். கொஞ்சதூரம் ஓடி மறுபடி நின்றது. காதர் பாய் பீப்பாயைத் திறந்து, கம்பியை விட்டுக் கிளறிப் பார்த்தார். சாம்பல் அடைத்துக்கொண்டிருந்தது. ஆற வைத்து, அள்ளிக் கொட்டி, மறுபடி பற்றவைக்க வேண்டும். "எவ்வளவு நேரம் ஆகும் பாய்?" என்றேன். அவர் சூரியனைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நடந்துருங்க சார்" என்றார்.

நடந்தோம். சந்தியாகு சார் முன்னால், நான் கடைசியில். சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. அதனால் எங்கள் நிழல்கள் எங்களுக்கு முன்னால் நீண்டுகொண்டே போயின. நான் பார்க்காமல் இருக்க நினைத்தாலும் முடியவில்லை. பிள்ளைகளை அதட்டினேன், கெஞ்சினேன், பாட்டுப் பாடச் சொன்னேன், பாடினால் மூச்சு வாங்குகிறது என்று பாட்டை நிறுத்தச் சொன்னேன். கொஞ்சநேரத்தில் எங்கள் நிழல்களையே காணவில்லை. பொழுது இறங்கிவிட்டது.

பிள்ளைகளுக்கும் புரிந்துவிட்டது. யாரும் அழவில்லை. அடைக்கி மட்டும் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள்.

தோரணத்துக்கு வெளியே

கண்மாய்க் கரைமேல் ஏறினால் எங்கள் ஊர் தெரியும். கோயில் விளக்கு முதலில் தெரியும், அப்புறம் வீட்டு விளக்குகள். கரைமேல் ஏறிய பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"சார், ஊரையே காணோம்" என்றான் ஒருவன்.

உண்மைதான். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. நன்றாக இருட்டிவிட்டிருந்தது. எந்த வீட்டிலும் விளக்கு இல்லை, அடுப்பு எரிகிற வெளிச்சம்கூட இல்லை. நாய் மட்டும் குரைத்தது. விளக்கு வைத்து, நாங்கள் வராததால் அணைத்துவிட்டார்களா? யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா? அம்மைதான் வந்துவிட்டதா? விஞ்ஞானம் தெரிந்தவன், பாடம் நடத்துகிறவன், நானும் அதைத்தான் நினைத்தேன்.

"ஓடுங்க" என்றார் சந்தியாகு சார். பிள்ளைகள் கரையிலிருந்து இறங்கி ஓடினார்கள். தோரணத்துக்கு அந்தப் பக்கம் ஆட்கள் கூட்டமாக நிற்பது இருட்டிலும் தெரிந்தது. ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே போகப் போகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற குரல்கள் கேட்டன. மூக்காயி, "வந்துட்டியாடி, வந்துட்டியாடி" என்று திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டது. சந்தியாகு சாரும் உள்ளே போனார்.

நான் போகவில்லை. தோரணத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுகொண்டேன். பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கோயில் வாசலில் நின்று இரண்டு தடவை சொன்ன சொல் பொய்யாகிவிட்டது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் வெறும் பெஞ்சுதான். அம்பலத்தின் முகத்தில் எப்படி விழிப்பேன்? இப்படியே கீரனூருக்கு நடந்து ரயிலேறிவிடலாமா என்று நினைத்தேன். உள்ளே ஏதோ சச்சரவு நடந்தது. அம்பலத்தின் குரல்தான் உரக்கக் கேட்டது. ஊர் இன்னும் இருட்டாகவே இருந்தது.

யாரோ தோரணத்தருகே வந்து நின்றார்கள்.

"வாத்தியாரய்யா, அங்கிட்டு என்ன பண்றீங்க?" மூக்காயி.

"எல்லாப் பிள்ளைகளும் வந்துட்டாங்களாம்மா?"

"வந்துருச்சுங்க."

"விளக்கு வச்சு அணைச்சுட்டீங்களா?"

"எங்கிட்டு வைக்கிறது? அம்பலம் பொழுது எறங்குறப்பவே பூசாரி கையில இருந்த தீப்பெட்டியப் புடுங்கி மடியில வச்சுக்கிட்டாரு. புள்ளைக வராம கோயில்ல வெளக்கு வைக்கக் கூடாது, கோயில்ல வைக்காம எந்த வீட்டுலயும் வைக்கக் கூடாதுன்னுட்டாரு. சந்தியாகு சாரு வீட்டம்மாகூட இருட்டுலதான் குந்தியிருக்காக."

"பிள்ளைகள்தான் வந்தாச்சே. இன்னும் ஏன் வைக்கலை?"

"ஆளு ஒண்ணு கொறையுதுன்னு அங்கிட்டுக் கத்திக்கிட்டு நிக்கிறாரு."

"யாரு?" என்று பதறி எழுந்தேன். யாரையோ வழியில் விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மூக்காயிக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருன்னா கேக்குறீங்க? காப்புக் கட்டயில கோயில் வாசல்ல எம் பக்கத்துலதான நின்னீங்க? நீங்க வெளிய கெடக்கையில வெளக்கு வச்சா, ஒங்களுக்கில்ல ஆகாது? நான் தாண்டி வர மாட்டேன். நீங்க எந்திரிச்சு வாங்க. புள்ளைக பசியில நிக்குதுக."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இருட்டாக இருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேப்பிலைக்குக் கீழே குனிந்து உள்ளே போனேன்.

"வாத்தியாரும் வந்தாச்சுய்யா!" என்று மூக்காயி கத்தினாள்.

கோயில் பக்கமிருந்து அம்பலத்தின் குரல், "இந்தா, இப்ப வையி" என்றது. தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது.